பேண்ட் பொத்தான்களை உருப்போட வேண்டாம்

நம்பிக்கை: ஹாம் டிரான்சீவரில் பேண்ட் பொத்தான்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

ஐகாம் ஐசி-7600 முகப்பைப் பாருங்கள். மேல் வரிசையில் 1.8, 3.5, 7. நடுவில் 10, 14, 18. கீழே 21, 24, 28. மெகாஹெர்ட்ஸ் ஏறுவரிசைதான், ஆனால் வானத்தின் போக்கும் அதில் இருக்கிறது. பகலில் அயனமண்டலத்தின் டி அடுக்கு தாழ்ந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைய, மேல் வரிசை உயிர்பெறும். பகலில் பக்கத்து மாவட்டங்களோடு பேச உதவும் 7, இரவில் கண்டம் தாண்டும். கீழ் வரிசைக்கு வெயில் வேண்டும். சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில்தான் முழுதாகத் திறக்கும். நட்டநடுவில், தொலைபேசியில் 5 இருக்கும் இடத்தில், 14. தொலைதூரத்துக்கு அதைத்தான் முதலில் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். இரவென்றால் மேலே, வெயிலென்றால் கீழே என்று பழகிய விரலுக்கு விளக்குகூட வேண்டாம்.

(பொத்தானில் 14, பேச்சில் 20 மீட்டர் என்று குழம்புபவர்கள் உண்டு. இரண்டும் ஒரே பேண்ட்தான். 300-ஐ 14-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21 மீட்டர் வரும். அதையே 20 என்கிறோம்.)

நம்பிக்கை: பொத்தானை அழுத்தினால் பேண்டின் தொடக்கத்துக்குப் போகும்.

போகாது. கடைசியாக விட்ட அதிர்வெண்ணுக்கும் அப்போதிருந்த மோடுக்கும் போகும். இந்த ரிக்கில் ஒரு பேண்டுக்கு மூன்று இடங்கள் நினைவிலிருக்கும். அதே பொத்தானை மீண்டும் அழுத்தினால் அடுத்ததற்குத் தாவும். 7-இல் ஒன்றை மோர்ஸுக்கும், ஒன்றை எல்எஸ்பி பேச்சுக்கும், ஒன்றை எஃப்டி8 நடக்கும் 7.074-க்கும் ஒதுக்குங்கள். ஆனால் இது நிலையான மெமரி சேனல் அல்ல. நீங்கள் டயலைத் திருப்பியதும் பழைய அதிர்வெண் போய்விடும்.

நம்பிக்கை: பேண்டை மாற்றினால் ஆன்டெனாவும் அதற்குப் பொருந்திவிடும்.

'டக்' என்று கேட்பது உள்ளே ஃபில்டர்களை மாற்றும் ரிலே. கூரைமேல் இருக்கும் கம்பியின் நீளம் அப்படியேதான் இருக்கிறது. 7-க்கு வெட்டிய, மொத்தம் ஏறக்குறைய 20 மீட்டர் நீள டைபோல் 21-இலும் ஓரளவு ஒத்துழைக்கும், 21 என்பது 7-இன் மும்மடங்கு என்பதால். 14-இல் எஸ்டபிள்யூஆர் எகிறிவிடும். டியூனர் இல்லாமல் அங்கே அனுப்பாதீர்கள்.

நம்பிக்கை: ரிக் அனுப்ப விடுகிறது என்றால் அனுமதி உண்டு.

அதிகம் கவலை தருவது இதுதான். 40 மீட்டரில் இந்திய ஹாம்களுக்கு 7.0 முதல் 7.2 வரைதான். அமெரிக்காவில் 7.3 வரை உண்டு. அந்தச் சந்தைக்காகத் தயாரித்த ரிக்கை இங்கே வாங்கினால் 7.25-இலும் தடையின்றி அனுப்பும். நம் பகுதியில் அது ஒலிபரப்பு நிலையங்களுக்கான இடம். பயன்படுத்திய ரிக் வாங்குபவர்கள் அது எந்த நாட்டுச் சந்தைக்கானது என்று முதலில் விசாரியுங்கள்.