டைட்டானியம் வெள்ளை: கணிப்பும் சோதனையும்

திருவனந்தபுரத்து வலியசாலையில் ஒரு வீட்டுக் கதவுக்கு வெள்ளை வர்ணம் பூசப்படுகிறது என்று கொள்வோம். அவ்வெண்மையைத் தருவது டைட்டானியம் டையாக்ஸைடு என்னும் உலோக ஆக்ஸைடாகும். இதற்கு மூலப்பொருளான இல்மனைட், கொல்லத்தையடுத்த சவறைக் கடற்கரையின் கருமணலில் கிடைக்கிறது. அதிலிருந்து இவ்வெண்பொடியைத் தயாரிப்பதற்கென்றே, 1946-ஆம் ஆண்டில் இந்நகரில் திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை தோன்றியது.

கருமணலினின்றும் பிறந்த பொருள் வெண்மையாகத் தோன்றுவதேன்? படிகத்தினுள் எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட சக்திப் பட்டைகளில் மட்டுமே இருத்தல் கூடும். இப்பொருளில், பெரும்பாலும் ஆக்ஸிஜனைச் சார்ந்த கீழ்ப்பட்டை நிரம்பியுள்ளது. டைட்டானியத்தைச் சார்ந்த மேற்பட்டை காலியாக உள்ளது. ரூட்டைல் என்னும் படிக வடிவில் இவற்றினிடையே உள்ள இடைவெளி ஏறத்தாழ 3.0 எலெக்ட்ரான் வோல்ட் ஆகும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் சக்தியோ சுமார் 1.8 முதல் 3.1 வரை உள்ளது. ஆகவே, ஊதா நிறத்தின் விளிம்பு நீங்கலாக மற்ற ஒளி உட்கவரப்படுவதில்லை. ரூட்டைலின் ஒளிவிலகல் எண் 2.6-க்கு மேற்பட்டது, வர்ண எண்ணெயினுடையது ஏறக்குறைய 1.5. இவ்வேறுபாட்டினால் பொடியின் துகள்கள் ஒளியை வலுவாகச் சிதறடிக்கின்றன.

இவ்விடைவெளியைக் கணக்கிட்டே அறிய முடியுமா? ஒவ்வோர் எலெக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடராமல், அவற்றின் அடர்த்தியைக் கொண்டே படிகத்தின் அடிநிலைச் சக்தியை அறியலாம் என்று ஹோஹன்பெர்க், கோன் ஆகியோர் 1964-இல் நிறுவினர். 1965-இல் கோனும் ஷாமும் அதற்குரிய கணிப்பு முறையை வகுத்தனர். கோனுக்கு 1998-இல் ரசாயன நோபல் பரிசு கிடைத்தது. கணிப்பொறிகள் இம்முறையை எளிதாக்கியுள்ளன. ஆயினும் இதன் எளிய தோராயங்கள் ரூட்டைலுக்குச் சுமார் 1.8 எலெக்ட்ரான் வோல்ட் என்றே விடை தருகின்றன. அது மெய்யாயின், சிவப்பின் ஓரம் தவிர எல்லா ஒளியும் உட்கவரப்பட்டு, நம் கதவு இருண்டு தோன்றும்! பரிமாற்ற விளைவின் ஒரு பகுதியைச் சரியாகச் சேர்க்கும் கலப்பு முறைகள் இக்குறையைப் பெரும்பாலும் போக்குகின்றன.

அடுத்து அணுக்களின் அதிர்வைக் காண்போம். ரூட்டைலின் அலகு அறையில் டைட்டானியம் அணுக்கள் 2, ஆக்ஸிஜன் அணுக்கள் 4, ஆக 6 அணுக்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவும் 3 திசைகளில் அசையக்கூடும் ஆதலின், அதிர்வு வகைகள் 18 ஆகும். படிகம் முழுவதையும் ஒருங்கே நகர்த்தும் மூன்றை நீக்கினால் 15 எஞ்சும். 1928-இல் கண்டறியப்பட்ட ராமன் விளைவு இவற்றுட் சிலவற்றைப் புலப்படுத்துகிறது. 1950-இல் பி. எஸ். நாராயணன் ரூட்டைலின் ராமன் நிறமாலையைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். சென்டிமீட்டருக்கு 447, 612 என்னும் அலையெண்களை ஒட்டி அதன் வலிய கோடுகள் காணப்படுகின்றன.

இவ்வலையெண்களைக் கணிப்பு முறை பெரிதும் ஒத்துரைக்கிறது. எனினும் ஓர் அதிர்வு மட்டும் தொல்லை தருவது. டைட்டானியமும் ஆக்ஸிஜனும் படிகத்தின் நெடுக்கச்சு வழியே எதிரெதிராக அசையும் அதிர்வு அது. சில தோராயங்களில் இதன் அலையெண் கற்பனை எண்ணாகிவிடுகிறது. அதாவது, படிகம் தன் வடிவில் நிலைத்திராது என்று கணக்குக் கூறுகிறது. மெய்யான ரூட்டைலோ, எவ்வளவு குளிர்வித்தாலும் தன் வடிவைக் கைவிடுவதில்லை.

ஆகவே புதியதோர் ஆக்ஸைடை ஆராயப் புகும் மாணவர், முதற்கண் ரூட்டைலைப் போன்று நன்கறிந்த பொருளில் தம் முறையைச் சோதித்தல் வேண்டும். இடைவெளி, அலையெண் ஆகிய இரண்டும் அளவீட்டோடு ஒத்துவந்த பின்னரே, இதுவரை அளக்கப்படாத பொருளைப் பற்றி அம்முறை கூறுவதை ஏற்கலாம்.