சொல் வராதபோது என்ன செய்வது?

1968ஆம் ஆண்டு முதல் தமிழகப் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம் என்னும் இருமொழித் திட்டம் நடைமுறையில் உள்ளது. பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்து, தேர்விலும் நல்ல மதிப்பெண் பெறும் மாணவி, கோடைக்கானலுக்கு வந்த வெளிநாட்டார் ஒருவர் வழி கேட்டதும் வாயடைத்து நிற்பது ஏன்? இதைச் சிறிது ஆராய்வோம்.

முதற் காரணம் மொழியமைப்பு. தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்திலோ நடுவில் நிற்கும். தமிழ்ச் சொற்கள் இரு மெய்கள் சேர்ந்து தொடங்குவதில்லை. ஆகவேதான் 'ஸ்கூல்' நம் நாவில் 'இஸ்கூல்' ஆகிறது. இரண்டாவது காரணம் கூச்சம். பிழையாகப் பேசினால் பிறர் சிரிப்பார்களே என்னும் அச்சம்.

இத்தொல்லை நமக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்து மாணவரின் தாய்மொழியில் வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறுவதில்லை; ஆங்கிலத்திலோ மாறுகிறது. மேலும், பிறருக்குத் தொந்தரவு தரலாகாது என்று தயங்கும் பண்பை அவர்கள் 'க்ரெங் ஜாய்' என்பர். நற்பண்புதான், ஆயினும் ஆசிரியரிடம் ஐயம் கேட்கவும் அது தடையாகிவிடுகிறது. நம் வகுப்புகளில் நிலவும் மௌனமும் இத்தகையதே அன்றோ?

இதனை வெல்ல மொழியறிஞர் கூறும் எளிய வழிகள் சில உண்டு.

முதலாவது, சுற்றி வளைத்துச் சொல்லுதல். 2018இல் நம் மலையில் பூத்த குறிஞ்சிக்கு ஆங்கிலப் பெயர் தெரியவில்லையா? 'ப்ளூ ஃப்ளவர், ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்' என்றால் கேட்பவருக்கு விளங்கிவிடும்.

இரண்டாவது, அண்மைப் பொருளுள்ள சொல்லைப் பயன்படுத்துதல். ஓடைக்குரிய சொல் நினைவுக்கு வராவிடில் 'ஸ்மால் ரிவர்' போதும்.

மூன்றாவது, திரும்பச் சொல்லும்படி பணிவுடன் கேட்டல். 'ப்ளீஸ், ஸே இட் அகெய்ன்' என்பது அவமரியாதையன்று, கவனத்தின் அடையாளம்.

நான்காவது, கையசைவாலும் படத்தாலும் விளக்குதல்.

இவை யாவும் ஊன்றுகோல்களே. வீடு திரும்பியதும் அகராதியைப் புரட்டி, உரிய சொல்லைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். இன்றேல் ஊன்றுகோலே காலாகிவிடும்.

பிழைகளைப் பற்றிக் கலங்க வேண்டாம். 1972இல் லாரி செலிங்கர் என்னும் அமெரிக்க மொழியியலார், புதுமொழி கற்பவர் பேசும் அரைகுறை மொழியை 'இடைமொழி' எனப் பொருள்படும் பெயரால் அழைத்தார். அது தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் இடைப்பட்டது. அதற்கென ஓர் ஒழுங்கும் உண்டு. பேசாதவர்க்கு அப்படியினின்று மேலேறும் வாய்ப்பில்லை.

நம் செண்பகனூரிலேயே ஒரு சான்று உண்டு. 1895இல் இங்குத் திருஇருதயக் கல்லூரி தொடங்கப்பட்டது. பிரான்சிலிருந்து இப்பகுதிக்கு வந்த சேசு சபைத் துறவிகளின் தாய்மொழியில் 'ழ' என்னும் ஒலியே இல்லை. எனினும் அவர்கள் தமிழ் கற்று மக்களோடு உரையாடினர்.

மாணவியரே! நாளை நீங்கள் மதுரைக்கோ திருச்சிக்கோ கல்லூரிப் படிப்பிற்குச் செல்வீர்கள். ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் ஐயத்தைக் கேளாமல் அமர்ந்திருந்தால், இழப்பது ஆங்கிலத்தை மட்டுமன்று. கணிதத்தையும் அறிவியலையும் சேர்த்தே இழப்பீர்கள். பெற்றோரே, வீட்டில் அவர்கள் தட்டுத் தடுமாறிப் பேசும்போது நகையாது செவிமடுங்கள். பிழையோடு கேட்ட கேள்விக்கும் விடை கிடைக்கும். கேளாத கேள்விக்கு விடையே இல்லை.