கண்ணாடிப் பெட்டி முதலில், களிச் சோறு பிறகு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவனுக்கு வார விடுமுறை என்றால் தூக்கம்தான். ஆனால் கூட வேலை செய்யும் தம்பிக்குப் பூண்டி ஏரிப் பக்கம் ஊர். "அம்மா கூட்டிட்டு வரச் சொல்லுதுண்ணே" என்று விடாமல் கூப்பிட்டான். ஊத்துக்கோட்டை வழியாக பைக்கில் கிளம்பிவிட்டோம்.

அவன் வீட்டுக்கு முன்பே பூண்டி அருங்காட்சியகத்தில் இறங்கினோம். நீங்களும் இந்த வரிசையிலேயே போங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் இடம் அது. சின்னதுதான், சும்மா சுற்றினால் அரைமணியில் முடிந்துவிடும். கற்காலக் கைக்கோடாரி வைத்த பெட்டி முன்னால் மட்டும் நிதானமாக நில்லுங்கள். ஆற்றில் உருண்ட கூழாங்கல் எல்லாப் பக்கமும் வழவழப்பாக இருக்கும். கைக்கோடாரியில் இரண்டு பக்கமும் சில்லு பெயர்த்த தழும்புகள் மாறி மாறி வந்து ஒரே விளிம்பில் சேரும். பட்டறையில் இருக்கிறவன் கண்ணுக்கு அது உடனே பிடிபடும்: அடித்தவன் அடுத்த அடியை யோசித்துத்தான் அடித்திருக்கிறான்.

பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இத்தகைய கருவிகளைக் கண்டார்கள். சாந்தி பப்பு குழுவினரின் அகழாய்வு, அங்குள்ள பழைய கைக்கோடாரிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011ல் சொன்னது. சிறிய சில்லுக் கருவிகளுக்கு மாறியது ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று 2018ல் இன்னோர் ஆய்வு. சென்னையில் இருந்துகொண்டு கீழடிக்கு பஸ் ஏறுகிறவர்கள் இதையும் ஒருமுறை பார்க்கலாம்.

மதியம் தம்பி வீட்டில் கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. இப்படி ஒரு வீட்டுக்குப் போவதானால், எத்தனை பேர் வருகிறோம், கறி மீன் சாப்பிடுவோமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அம்மா கோழியை அடித்துவிடுவார். ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம், பெரியவர்களுக்குச் சர்க்கரை. பழம் போதும்.

சாப்பிட்டதும் கொல்லைப் பக்க ஓடைக்குத் தம்பியின் அம்மாவே முன்னால் நடந்தார். மழை அரித்த செம்மண்ணில் கற்கள் துருத்திக்கொண்டிருந்தன. "ஆடு மேய்க்கிற காலத்துல இதுங்கதான் காலைக் கிழிக்கும் நைனா" என்றார். காலையில் பெட்டிக்குள் பார்த்திருந்ததால்தான் அந்தக் குவியலில் ஒன்றின் விளிம்பு என் கண்ணில் பட்டது. படம் எடுத்துக்கொண்டு கல்லை அங்கேயே விட்டுவிட்டேன். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது போய்விட்டால் ஆய்வாளருக்கு அது பாதி ஊமை. பைக்குள் போட்டுக்கொள்ளும் ஆசை வரும், வேண்டாம்.

குடியம் குகைக்கும் போக நினைத்தால் அதற்குத் தனி நாள் ஒதுக்குங்கள். அது காட்டுக்குள் நடை. வனத்துறையைக் கேட்டுக்கொண்டு, ஊர்க்காரர் துணையோடு, வெயில் ஏறுவதற்குள் போய்த் திரும்ப வேண்டும். தண்ணீரை நிறையவே எடுத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகம் என்றைக்கு மூடியிருக்கும் என்பதையும் கூப்பிடுகிற வீட்டாரிடமே முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது.