மெலிதலும் இளைத்தலும்

உடம்பு சிறுத்தலைக் குறிக்கத் தமிழிலே மெலிதல், இளைத்தல் என்னுஞ் சொற்கள் வழங்குகின்றன. இவற்றுள் இளைத்தல் என்பது சோர்ந்து களைத்தலையும் உணர்த்தும். உண்ணாது கிடந்து உடல் சிறுத்தவன் பெரும்பாலும் வலியையும் உடனிழத்தலின், இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் நிற்றல் பொருத்தமே. ஆயின், இளையாது மெலிதல் கூடுமோ? மெலிந்தபின் தோல் தளர்ந்து தொங்குவது எதனால்? இவை இந்நாளில் நம் மாணவர் பலர்க்கும் எழும் வினாக்களாதலின், ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிறைகோல் காட்டுவது ஓர் எண்ணே. அவ்வெண்ணுள் அடங்கிய பொருள்களோ பல. சித்த மருத்துவ நூலார் உடற்கட்டுகளை ஏழென வகுத்து, ஊனையும் கொழுப்பையும் வேறுவேறாக வைத்தனர். இக்கால அறிவியலார் அவற்றை அளந்தே காண்கின்றனர். தசையில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீர். கொழுப்போ நீரினும் இலேசானது. ஆதலால் ஒத்த நிறையுடைய இருவருள் கொழுப்பு மிக்கவன் எளிதில் மிதப்பான். ஒருவனை நீரில் அமிழ்த்தி நிறுத்து, அவனது கொழுப்பின் பங்கைக் கணக்கிடும் முறையும் இதுபற்றியே எழுந்தது. உணவைக் குறைப்பதொன்றையே செய்து மெலிபவர் இழக்கும் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கொழுப்பன்று; தசை முதலிய பிறவேயாம்.

ஊண் குறைந்தால் உடம்புக்கு நேர்வது யாதென்னும் வழக்கு நம் கொங்கு நாட்டையும் தொட்டதொன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களும் பெருந்துயருற்றன. 1877 சனவரியில் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமெனக் கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ், உழைக்கும் உடம்புக்கு அது போதாதென்றும், பருப்பு முதலியனவும் வேண்டுமென்றும் வாதாடினார். அவ்வாண்டிலேயே படி உயர்த்தப்பெற்றது.

பின்னர், 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், தாமே முன்வந்த 36 இளைஞரை 24 வாரம் அரைவயிற்று உணவில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை இழந்தனர். வலியும் ஊக்கமும் குன்றினர். மீண்டும் நிறைய உண்டபோது கொழுப்பு விரைந்து திரும்பிற்று. தசையோ மெல்லவே திரும்பிற்று. பட்டினியால் மெலிந்தோர் பின்னர் முன்னினும் கொழுத்தல் இதனால் நிகழ்வதுண்டு.

இனித் தோலை நோக்குவாம். தோலின் உட்படையில் உறுதி தரும் கொலாஜன் இழைகளும், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் எலாஸ்டின் இழைகளும் உள. உடம்பு நெடுங்காலம் பருத்திருப்பின் இவ்விழைகள் பழுதுறுகின்றன. உள்ளிருந்த கொழுப்பு நீங்கினும் தோல் பழைய அளவிற்கு முற்றும் சுருங்கமாட்டாது. முதுமையும், புகைபிடித்தலும், கடுவெயிலும் இவ்விழைகளை மேலும் நலிவிக்கும். ஊட்டமின்றி வாடிய குழவியின் பிட்டத்திலும் தொடையிலும் தோல் மடிந்து தொங்குதலுண்டு. ஆண்டுக் காரணம் தோல் விரிந்தமையன்று. கீழிருந்த ஊனும் கொழுப்பும் கரைந்தமையே. நல்லுணவு பெறின் அம்மடிப்பு நிரம்பும். காட்சி ஒன்றாயினும் காரணம் வேறென்பதை உணர்க.

ஆகவே, மெலிய விரும்புவோர் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, விரையாமை: வாரத்திற்கு அரைக் கிலோகிராம் அளவே குறைதல் நன்று. இரண்டாவது, தசைக்கு வேலை தருதல்: பளுத்தூக்கல், தண்டால் போன்றவற்றை வாரம் இருமுறையேனும் பயில்க. மூன்றாவது, புரதம் குறையாமை: வளர்ந்தோர் தம் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் கொள்ளுதல் வேண்டுமென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வரையறுத்தது. 60 கிலோகிராம் நிறையுடையார்க்கு இஃது ஏறத்தாழ 50 கிராம். நம் மானாவாரிக் காட்டில் விளையும் கொள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதமுண்டு. கொள்ளுப் பருப்பையும் நிலக்கடலையையும் எளியார் உணவென இகழ்தல் அறியாமையாம்.

தசை வளரின் தளர்ந்த தோல் ஓரளவு நிரம்பித் தோன்றும். மிகத் தொங்கும் தோலை அறுவை மருத்துவமன்றிக் களிம்புகள் அகற்றமாட்டா. அவ்வறுவையும் நிறை சில திங்கள் மாறாது நின்ற பின்னரே செய்யத்தக்கது. அதன் வடுவும் நிற்கும்.

அரிதின் முயன்று மெலிந்தான் ஒருவனது தோலைக் கண்டு நகைப்பாரும் உளர். அந்நகைக்கு அஞ்சித் தன் முயற்சியையே வீணென்று எண்ணிச் சோர்வாரும் உளர். அவன் இறக்கிவைத்த சுமையால் அவனது நெஞ்சப்பையும் முழங்காலும் பெற்ற ஆறுதலைத் தோல் காட்டாது. அன்பர்காள்! தோலை அளவுகோலாக்காது, மாடியேறும் காலையும் சுமை தூக்கும் கையையும் வினவுமின். அவை வலியோடிருப்பின் அவன் மெலிந்தானேயன்றி இளைத்தானல்லன்.