கட்டிய பல் சொத்தையாகாது, தாங்கும் பல்?

“பல் கட்டியாச்சு, இனி அந்த இடத்தில் சொத்தை வராது.”

இந்த நம்பிக்கைதான் அதிகக் கேடு செய்கிறது என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். விழுந்த பல்லுக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிச் சீவி, அவற்றின் மேல் கேப் போட்டு, நடுவில் ஒரு செயற்கைப் பல்லை இணைத்துச் செய்வது பிரிட்ஜ். மூன்றும் ஒரே துண்டு. சிமென்ட் வைத்து ஒட்டிவிட்டால் நாமாகக் கழட்ட முடியாது. நடுவிலிருக்கும் செராமிக் பல் சொத்தையாகாது என்பது சரி. ஆனால் இருபுறமும் கேப்புக்குள் இருப்பது நம் சொந்தப் பல். கேப்பின் விளிம்பு ஈறைத் தொடும் இடத்தில்தான் அழுக்கு படியும், அங்கிருந்துதான் சொத்தை உள்ளே இறங்கும். ரூட் கெனால் செய்த பல்லாக இருந்தால் கூச்சமோ வலியோகூடத் தெரியாது. சில ஆண்டுகள் கழித்து, “பிரிட்ஜ் லேசா ஆடுது, வாயில் ஒரு வாடை வருது” என்று வருகிறார்கள். கழட்டிப் பார்த்தால் பிரிட்ஜ் பளபளவென்று இருக்கும். தாங்கிய பல்லோ பழுப்பேறி, கருவியின் முனை பட்டாலே உதிரும். ஒரு பல் போன இடத்தில் இப்போது மூன்று பல்லுக்கு வழி தேட வேண்டும்.

இதைத் தடுக்க முடியும். செயற்கைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே சாதாரண பிரஷ் நுழையாது. அதற்கென்றே சூப்பர் ஃப்ளாஸ் என்ற நூல் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதன் ஒரு முனை விறைப்பாகவும், நடுப்பகுதி பஞ்சுபோலவும் இருக்கும். விறைப்பான முனையைக் கன்னத்துப் பக்கமிருந்து பிரிட்ஜுக்கு அடியில் செருகி நாக்குப் பக்கம் இழுங்கள். பஞ்சுப் பகுதி அடியில் வந்ததும் முன்னும் பின்னுமாகத் தேய்த்து, இருபுறத்துத் தாங்கும் பற்களின் பக்கவாட்டையும் துடைத்து எடுங்கள். இரவு படுக்கும் முன் ஒருமுறை செய்தால் போதும். பிரிட்ஜ் ஒட்டுகிற அன்றே உங்களைக் கண்ணாடி முன் நிறுத்தி இதைச் சொல்லித்தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

“பக்கத்துப் பல்லைச் சும்மா மேலாகத்தான் சீவுவார்கள்.”

மேலாக அல்ல. கேப்பின் கனத்துக்கு இடம் வேண்டும் என்பதால் பல்லைச் சுற்றிலும், மேலேயும் ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை எடுக்க வேண்டியிருக்கும். போன எனாமல் திரும்ப வளராது. பக்கத்துப் பற்களில் ஏற்கெனவே பெரிய ஃபில்லிங்கோ ரூட் கெனாலோ இருந்தால் அவற்றுக்கு எப்படியும் கேப் தேவைப்படலாம். அங்கே பிரிட்ஜ் நல்ல தேர்வு. இரண்டும் பழுதில்லாத பற்கள் என்றால், சீவச் சம்மதிக்கும் முன், தாடை எலும்பில் செயற்கை வேர் பதிக்கும் இம்ப்ளான்ட் பற்றியும் கேளுங்கள். முன்பல் ஒன்று மட்டும் இல்லாத இளைஞர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மேம்படுத்தப்பட்டதால் மேரிலாந்து பிரிட்ஜ் என்று அதற்குப் பெயர். பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் ஒரு மெல்லிய தகட்டை ஒட்டுவதோடு சரி, சீவல் மிகக் குறைவு. தாங்கும் பல்லுக்கெல்லாம் கட்டாயம் ரூட் கெனால் செய்தாக வேண்டும் என்பதும் உண்மையில்லை. உயிருள்ள, நலமான பல் அப்படியே பிரிட்ஜைத் தாங்கும். பின்னாளில் சிலவற்றுக்கு மட்டும் அது தேவைப்படலாம்.

“மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்.” இதற்குப் பயந்து சீழ் பிடித்த வேரை விட்டுவைத்து, அதன் மேலேயே பல் கட்டச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது. உள்ளே விட்ட சீழ்தான் ஆபத்து.

“ஒரே நாளில், குறைந்த செலவில், கழட்டாத பல்.”

ஒரே நாள் என்பதே தவறு என்று சொல்லமாட்டேன். கம்ப்யூட்டர் உதவியோடு அன்றே கடைந்தெடுத்துப் பொருத்தும் கிளினிக்குகள் இருக்கின்றன. நான் எச்சரிப்பது வேறொன்றை. படிப்போ பதிவோ இல்லாத சிலர், அக்ரிலிக் மாவைக் குழைத்துப் பக்கத்துப் பற்களோடும் ஈறோடும் சேர்த்து அப்பி, சில சமயம் கம்பியால் கட்டியும் விடுகிறார்கள். அடியில் சுத்தம் செய்ய வழியே கிடையாது. ஈறு வீங்கி, எலும்பு கரைந்து, உறுதியாக இருந்த பற்களும் ஆடத் தொடங்கும். அப்படிக் கட்டியிருந்தால், வலியில்லாவிட்டாலும் தகுதியுள்ள பல் மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள். பல் பிடுங்கியதுமே நிரந்தரமாகக் கட்டவும் அவசரப்படாதீர்கள்: புண் ஆறி ஈறு படிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை தற்காலிகப் பல் போதும்.

“வாரன்டி அட்டை இருக்கு, ஆயுசுக்கும் கவலையில்லை.”

ஸிர்கோனியா என்ற செராமிக்கில் செய்த பல்லோடு, அதைச் செய்யும் லேப் தரும் அட்டை, அந்தப் பல் உடைந்தால் மாற்றித் தருவதற்கானது. உங்கள் பல்லுக்கும் ஈறுக்கும் அதில் உத்தரவாதம் கிடையாது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான கணக்கின்படி, வழக்கமான பிரிட்ஜ்களில் 100க்கு ஏறக்குறைய 89, பத்தாண்டு கடந்தும் வாயில் இருந்தன. நல்ல கணக்குதான். ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதும், அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் அவசியம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் தவறவே கூடாது.

“காலியிடம் இருந்தால் பல் கட்டியே ஆக வேண்டும்.”

நடுவில் இடைவெளி இருந்தால் பக்கத்துப் பற்கள் சாயலாம், எதிர்ப்பல் நீண்டு இறங்கலாம். அங்கே கட்டுவதில் நியாயம் இருக்கிறது. வரிசையின் கடைசிப் பல் போன இடம் அப்படியல்ல. ஞானப் பல்லுக்கு மாற்றே தேவையில்லை. கடைவாய்ப் பற்கள் சில இல்லாமலேயே 20 பற்களோடு பலரும் நன்றாக மென்று சாப்பிட முடியும் என்று நெதர்லாந்தின் பல் மருத்துவர் கைசர் 1981இல் எழுதினார். கடைசிப் பல்லுக்குப் பின்னால் பிடிக்க வேறு பல் கிடையாது. ஒரு பக்கப் பிடியில் மட்டும் அங்கே பிரிட்ஜ் தொங்கினால், மெல்லும் பாரமெல்லாம் முன்னால் இருக்கும் பல்லின் தலையில்தான் விழும். மெல்லச் சிரமம் இல்லை, எதிர்ப்பல்லும் இறங்கவில்லை என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.