புரண்டது கெண்டை, நரம்பு அல்ல

திருப்பதி அலிபிரியிலிருந்து 3,550 படி ஏறி, திருமலையில் மலையப்பனைச் சேவித்து இறங்கி, திருச்சானூரில் தாயார் சந்நிதி வரிசையில் நிற்கும்போது பலருக்குக் கால் பிடித்துக்கொள்ளும். “நரம்பு இழுத்துக்கிச்சு” என்பார்கள். “நரம்பு மேல நரம்பு ஏறிடுச்சு” என்று பக்கத்தில் நிற்பவர் விளக்கமும் தருவார். நரம்பு அப்படி இடம் மாறி ஏறுவதில்லை. இறுகுவது தசை. அதைச் சரியாகச் சொல்லும் பேச்சுவழக்கும் நம்மிடம் உண்டு: “கெண்டை பெரண்டுக்கிச்சு.” நடுவில் பருத்து நுனியில் ஒடுங்கும் கெண்டைக்கால் சதை கெண்டை மீனைப் போலிருப்பதால் வந்த பெயர். பிடித்த காலைத் தொட்டால் தோலுக்கடியில் கல்லாய்த் திரண்டு துடிப்பது தெரியும். துள்ளும் மீனை அங்கே கண்டவர்கள் கூர்ந்து பார்த்தவர்கள். ரோமானியர் சுண்டெலியைக் கண்டார்கள். ‘மசில்’ என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் அதுதான் பொருள். திருச்சானூர்த் தெலுங்கிலும் “பிக்க பட்டேசிந்தி”, அதாவது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்பார்கள். இந்தப் பிடிப்புக்கு அமெரிக்கர் சொல்லும் ‘சார்லி ஹார்ஸ்’ 1880களில் பேஸ்பால் ஆட்டக்காரர்களிடம் புழங்கிய பெயர். நொண்டிக் குதிரை, ராட்போர்ன் என்ற பந்துவீச்சாளர் என்று அதற்குப் பல கதைகள் உண்டு. எதற்கும் உறுதியான சான்று இல்லை.

அப்படியானால் ‘நரம்பு’ என்று சொன்ன முன்னோர் தவறினார்களா? இல்லை. பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தி; உடம்பில் தசைநார், ரத்தக்குழாய் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். முறுக்கேறிய தந்தியைப் போலக் கால் விறைப்பதை அது நன்றாகவே சொன்னது. பாடநூல்கள் மூளையிலிருந்து செய்தி கொண்டுசெல்லும் இழைக்கு அதே சொல்லை வைத்த பிறகே பொருள் குழம்பியது. அந்த இழைக்கும் இதில் பங்கு உண்டு என்பது உண்மைதான்: களைத்த தசைக்கு ‘சுருங்கு’ என்ற கட்டளை ஓயாமல் போவதே காரணம் என்று இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் கட்டளை மிகுவது வேறு, நரம்பு முறுக்கிக்கொள்வது வேறு. “உருவிவிட்டால் சரியாகிறதே” என்பார்கள். பிடிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே விடும். உருவுகிறவர் பாதத்தையும் மேல்நோக்கி வளைக்கிறாரே, வேலை செய்வது அதுதான். முழங்காலை நீட்டிவைத்து, கால்விரல்களைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்தால் யாரும் செய்துகொள்ளலாம். உப்புக் குறைவுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பதும் பாதி உண்மை. வியர்த்துக் கொட்டியவர்கள் உப்பிட்ட மோர் குடிப்பது நல்லதே. ஆனால் நெடுந்தூர ஓட்டக்காரர்களைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் ரத்த உப்பு அளவில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

சொல்லைத் திருத்துவதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், எல்லாக் கால்வலியையும் ‘நரம்பு’ என்று உருவக் கொடுக்கிற வழக்கம் ஆபத்தானது. பல மணி நேரம் பேருந்தில் வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலி விடாமல் இருந்தால், உள்ளே ரத்தம் உறைந்து குழாயை அடைத்திருக்கலாம். அந்தக் காலை உருவவே கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.