விடுதிக்கு முன் விதி

பெங்களூரு பொம்மசந்திராவில் இரண்டாவது ஷிப்ட் முடித்த கையோடு காரைக் கிளப்பினால், விடியும்போது பந்திப்பூர்க் காட்டுச் சாலையில் கடமானைப் பார்த்துவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். தூரத்தைப் பார்த்தால் கணக்கு சரிதான். விதிதான் அதில் விட்டுப்போகிறது. அமெரிக்காவில் எல்க் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் துப்பாக்கியைத் தொடுவதற்கு மாதக்கணக்கில் முன்பே தாங்கள் போகும் மாநிலத்தின் விதிகளை வாசிக்கிறார்கள். கொலராடோவில் 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் உரிமம் வாங்க முடியாது. பக்கத்து மாநிலத்தில் பருவமும் விண்ணப்பக் கெடுவும் வேறு. நம் நாட்டில் அந்த வேட்டை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் உரிமத்தோடு வேட்டையாட இடம் கொடுத்திருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. ஆனால் விதியிலிருந்து பயணத்தைத் தொடங்கும் அவர்கள் பழக்கம், கேமராவோடு போகும் நமக்கும் வேண்டியதுதான்.

குண்டுலுபேட்டையிலிருந்து முதுமலை போகும் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். 2009-இல் வந்த இந்தத் தடையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2010-இல் உறுதி செய்தது. நள்ளிரவில் கிளம்பி வருபவர் மேலுகாமனஹள்ளி சோதனைச் சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் சீட்டைச் சாய்த்துக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதைத் தாண்டிக் கக்கநல்லாவுக்கு வந்தால் தமிழ்நாடு, கேள்விகளும் மாறிவிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும். வண்டிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சாம்ராஜ்நகர் வழியாகத் திம்பம் இறங்கலாம் என்றால், அங்கேயும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுக் கட்டுப்பாடு. கனரக வண்டிகளுக்கு மாலை 6 மணிக்கே கெடு முடிந்துவிடும்.

பொதுச் சாலையை மூடுவது நியாயமா என்று கேட்பவர்களை நான் ஒதுக்கமாட்டேன். பந்திப்பூர் வழியாகக் கேரளத்துச் சுல்தான் பத்தேரிக்குப் போகும் சாலைக்கும் இதே தடைதான்; அங்குள்ள வியாபாரிகளுக்கு அந்த ஒன்பது மணி நேரம் உண்மையான நஷ்டம். ஆனால் ஆம்புலன்ஸுக்குத் தடை இல்லை, குட்டா வழியாகச் சுற்றுப்பாதையும் உண்டு. முகப்பு விளக்கில் திகைத்து நின்றுவிடும் மானுக்குச் சுற்றுப்பாதை கிடையாது. சுற்றுலா போகிற நமக்கோ நஷ்டம் என்று சொல்லவே எதுவும் இல்லை. ‘கையில் துப்பாக்கியா இருக்கிறது, கேமராதானே’ என்பது அடுத்த வாதம். சுடுவதை மட்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்று சொல்லவில்லை. விலங்கை விரட்டுவதும், தீனி காட்டி இழுப்பதும், அவற்றுக்கான முயற்சியும்கூட அந்த வரையறைக்குள் வரும். படத்துக்காக ஹாரன் அடித்து மானை ஓடவிடுகிறவர் இதை ஒருமுறை வாசிக்க வேண்டும். இ-பாஸ் வெறும் தொல்லை என்பவர்களுக்கு: அது இலவசம், வீட்டிலிருந்தே எடுக்கலாம், அரசுப் பேருந்தில் போனால் அதுவும் வேண்டாம்.

ஆகவே வெள்ளி இரவு குண்டுலுபேட்டையிலோ மைசூரிலோ தங்கிவிடுங்கள். காலை 6 மணிக்குக் கேட் திறக்கும்போது அங்கே இருங்கள். கடமான் சாலையோரம் மேய வருவதும் அந்த நேரத்தில்தான்.